டிஸ்சார்ஜ் சம்மரியைத் திருத்தி வாங்காதீர்கள்

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. 2022 ஆகஸ்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மெடிக்கல் பாலிசி எடுத்தோம். 2023 மார்ச்சில்தான் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. 2025 ஜூனில் மூளைக்குள் மின்கம்பி வைத்து நெஞ்சில் பேட்டரி பொருத்தும் டி.பி.எஸ். ஆபரேஷன் செய்தோம், 11 லட்சம் செலவு. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘5 வருடமாகப் பார்க்கின்சன்’ என்று இருப்பதைக் காட்டி, நோயை மறைத்ததாக க்ளெய்மை நிராகரித்துவிட்டார்கள். மருத்துவமனையில் கேட்டால், ஐந்தை இரண்டாக்கி, ஜி20 என்ற நோய்க் குறியீட்டையும் ‘நடுக்கம்’ என்பதற்கான ஜி25.0 ஆக மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். வாங்கிக்கொண்டு வழக்குப் போடலாமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: வாங்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி ஏஜென்ட் சொன்ன பொய், டி.பி.ஏ. (காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளெய்மைக் கையாளும் இடைநிறுவனம்) அலுவலகத்தில் அம்மாவை மூன்று மணி நேரம் உட்கார வைத்தது பற்றி. அம்மா பட்ட பாட்டை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தீர்ப்பில் இவை ஒரு வரிக்குக்கூட வராது. வழக்கு முழுவதும், நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் இந்த வரியில் இருக்கிறது: ‘2020-இல் கை லேசாக ஆடியதற்கு எங்கள் ஊர் டாக்டர் ப்ராப்ரனலால் கொடுத்தார், மற்றபடி ஒன்றுமில்லை.’

முன்பே இருந்த நோய் என்று பாலிசி சொல்வது, பாலிசிக்கு முன் மருத்துவர் கண்டறிந்த நோயை, அல்லது மருத்துவர் ஆலோசனையோ சிகிச்சையோ கொடுத்த நோயை. வீட்டில் எல்லோரும் கை ஆடுவதைப் பார்த்தார்கள் என்பது மட்டும் போதாது. பார்க்கின்சனை முதலில் எழுதியவர் 2023 மார்ச்சில் நரம்பியல் மருத்துவர். 2020 மாத்திரை கொடுக்கப்பட்டது வெறும் நடுக்கத்துக்கு. உங்கள் பக்கத்து வாதம் இதுதான், நல்ல வாதம்.

இப்போது அந்தக் குறியீட்டைப் பாருங்கள். ஜி20 என்றால் பார்க்கின்சன். ஜி25.0 என்றால் எசென்ஷியல் ட்ரெமர், வேறு நோய். ப்ராப்ரனலால் அதற்குத்தான் வழக்கமாகக் கொடுக்கிற மாத்திரை. குறியீட்டை மாற்றினால், அப்பாவுக்கு ஆபரேஷன் செய்த நோய்க்கே 2020-இல் சிகிச்சை எடுத்தார் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். உங்கள் பாலிசியில் முன்பே இருந்த நோய்க்குப் பணம் கிடைக்க 36 மாதக் காத்திருப்பு. ஆபரேஷன் நடந்தது 34-ஆவது மாதம். அத்தோடு கதை முடிந்தது. உங்களைக் காப்பாற்றுவதே அந்த ஜி20தான்.

‘5 வருடம்’ எப்படி வந்தது என்பதை நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இரவு அட்மிஷனில் ட்யூட்டி டாக்டர் கேட்டார், அம்மா ‘அஞ்சு வருஷமா கை ஆடுது’ என்றார். டாக்டர் ‘கே/சி/ஓ பி.டி. × 5 இயர்ஸ்’, அதாவது ஐந்து வருடமாகப் பார்க்கின்சன் உள்ளவர் என்று எழுதிவிட்டார். கை ஆடியது ஐந்து வருடம். அது அந்த ஒரு வரியில் ஐந்து வருடப் பார்க்கின்சன் ஆகிவிட்டது. அதே வரி அப்படியே சம்மரிக்கும் போயிருக்கிறது.

இதைத் திருத்தி வாங்கப் போய் மாட்டிய கட்சிக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். நிறுவனத்தின் புலனாய்வாளர் முதல் வாரத்திலேயே கேஸ் ஷீட்டை முழுசாக நகல் எடுத்துப் போயிருந்தார். விசாரணையில் இரண்டு சம்மரிகளையும் அருகருகே வைத்தார்கள். ஒரே தேதி, ஒரே கையெழுத்து, ஆண்டுக் கணக்கு மட்டும் வேறு. அதன்பிறகு அவருடைய உண்மையான ரிப்போர்ட்டுகளைக்கூட யாரும் நம்பவில்லை. பணமும் போயிற்று, பாலிசியும் ரத்து. பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுதலுக்கு 318, போலி ஆவணத்துக்கு 336 என்று பிரிவுகள் இருக்கின்றன. அந்த இடத்துக்கு நீங்கள் போகவே வேண்டாம்.

செய்யக்கூடியது இது: பழைய சம்மரியைத் தொடாமல், நரம்பியல் மருத்துவரிடம் இன்றைய தேதியிட்ட விளக்கக் கடிதம் வாங்குங்கள். நோய் முதலில் கண்டறியப்பட்டது 2023 மார்ச்சில், ஐந்து வருடம் என்பது குடும்பத்தினர் சொன்ன அறிகுறிக் காலம் என்று, தன் பழைய ஓ.பி. சீட்டை ஆதாரம் காட்டி அவர் எழுதலாம். கேஸ் ஷீட் நகலையும் எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தரவேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி.

இதெல்லாம் இருந்தும் சமரசம் செய்துகொள்ளுங்கள் என்றே சொல்வேன். பாலிசி எடுக்கும்போது கொடுத்த முன்மொழிவுப் படிவத்தில் ‘நரம்பு தொடர்பான கோளாறு, தொடர் மருந்து’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் இருக்கிறது. ஏஜென்ட் டிக் அடித்திருந்தாலும் கையெழுத்து அப்பாவுடையது. நோய் தொடங்கிக் குறைந்தது நான்கைந்து வருடம் கழித்தே பொதுவாக டி.பி.எஸ்.-க்கு அனுப்புவார்கள் என்று நிறுவனத்தின் மருத்துவர் சொல்வார், அதாவது பாலிசிக்கு முன்பே நோய் இருந்தது என்பார். அதில் உண்மையும் இருக்கிறது. நீங்கள் இணைத்த பாலிசிப் பக்கத்தில் டி.பி.எஸ்.-க்கு உச்சவரம்பு காப்பீட்டுத் தொகையில் பாதி என்று இருக்கிறது. ஆக, நீங்கள் போராடுவது 11 லட்சத்துக்கு அல்ல, 5 லட்சத்துக்கு.

நுகர்வோர் ஆணையத்துக்கு முதலில் போகாதீர்கள். அங்கே வழக்கு இருந்தால் காப்பீட்டு ஓம்புட்ஸ்மேன் (காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் அதிகாரி) உங்கள் புகாரை எடுக்கமாட்டார். ஓம்புட்ஸ்மேனிடம் கட்டணமில்லை, நிராகரிப்புக் கடிதத்துக்கு ஓராண்டுக்குள் போகவேண்டும், வக்கீலுக்கு அங்கே இடமில்லை. இரு தரப்பும் சம்மதித்தால் அவரே சமரசமாக முடித்துவைப்பார். மூன்று லட்சத்துக்கு மேல் எது வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் பணத்துக்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: பாலிசி ரத்தாகாமல் தொடரும் என்று எழுத்தில். பார்க்கின்சன் உள்ள 64 வயதுக்காரருக்குப் புதிய பாலிசி கிடைப்பது அரிது. நெஞ்சில் வைத்த பேட்டரி ரீசார்ஜ் வகை இல்லை என்கிறீர்கள். சில வருடத்தில் மாற்றவேண்டும், அதுவும் லட்சங்களில். இதே பாலிசி 2027 ஆகஸ்டில் 60 மாதம் நிறைந்தால், மோசடியை நிரூபித்தால் ஒழிய மறைத்தார் என்ற பேச்சை அவர்கள் எடுக்கவே முடியாது. அடுத்த மாதம் ரின்யூவல் வருகிறது. கோபத்தில் பிரீமியம் கட்டாமல் விட்டுவிடாதீர்கள்.