மெல்போர்னிலிருந்து ராயபுரம் வர எத்தனை மணி நேரம்?

அன்புள்ள தம்பி,

அடுத்த மாதம் கொருக்குப்பேட்டையிலிருந்து மெல்போர்னுக்குப் படிக்கப் போகிற நீங்கள், இரண்டு ஊருக்கும் எவ்வளவு தூரம், அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் எத்தனை மணி நேரத்தில் வந்துசேரலாம் என்று கேட்டிருந்தீர்கள். பதினெட்டு ஆண்டுகளாக அங்கே குடியிருக்கும் நான், விடுமுறைக்கு வந்த இடத்தில், ராயபுரத்து வீட்டிலிருந்து இதை எழுதுகிறேன்.

நேர்க்கோட்டில் ஏறத்தாழ 8,800 கிலோமீட்டர். நேரடி விமானம் இல்லாததால் நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாறவேண்டும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் 2,900 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். அங்கிருந்து மெல்போர்ன் 6,000 கிலோமீட்டர், ஏழரை மணி நேரம். சிங்கப்பூர் வழியிலேயே இருப்பதால் சுற்று மிகக் குறைவு. தோகா வழியாக மலிவாகக் கிடைக்கும் டிக்கெட்டோ முதலில் மேற்கே போய்த் திரும்புவதால் 15,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அவசரத்துக்கு அது உதவாது.

ஊர் திரும்பும் கணக்கு சற்று வேறு. தெற்கு வானில் மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்று, போகும்போது விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளும், வரும்போது எதிர்க்கும் என்பதால், சிங்கப்பூர்வரை எட்டு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மூன்று மணி நேரக் காத்திருப்பையும் சேர்த்தால் மொத்தம் 15 மணி நேரம். மெல்போர்ன் நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னே ஓடுவதால் (அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை ஐந்தரை மணி நேரம்), காலை பத்துக்குக் கிளம்பி அன்றிரவே எட்டரைக்கு மீனம்பாக்கத்தில் இறங்குவதுபோல் டிக்கெட்டில் தெரியும். அதைப் பார்த்துப் பத்தரை மணி நேரப் பயணம் என்று எண்ணிவிடாதீர்கள்.

என் தந்தை சீரியஸாக இருந்தபோது, கையிலிருந்த பணத்துக்கு ஏற்ப இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக டிக்கெட் எடுத்தேன். முதல் விமானம் தாமதமானது. இரண்டாவது என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. தனி டிக்கெட் என்பதால் மாற்று விமானம் தரும் பொறுப்பு யாருக்கும் இல்லை. புதிதாக டிக்கெட் வாங்கி, சிங்கப்பூரில் பத்தொன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்து, நான் வீடு சேர்ந்தபோது அப்பாவை மூலக்கொத்தளம் மயானத்துக்குக் கொண்டுபோய் எல்லாம் முடித்திருந்தார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பத்தொன்பது மணி நேரம் எனக்கு ஆறவில்லை. ஆகவே இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். அதற்கான பணத்தை வங்கியில் தனியாகப் போட்டுவையுங்கள்.

மெல்போர்ன் விமான நிலையத்துக்கு ரயில் இல்லை. நான் இருக்கும் டாண்டினாங்கிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குவேன். மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடவேண்டும். இங்கே இறங்கியதும் இமிகிரேஷன், பெட்டி எல்லாம் ஒரு மணி நேரம். 2021 முதல் மெட்ரோ விம்கோ நகர்வரை ஓடுவதால் தண்டையார்பேட்டைக்கு ஒரே ரயிலில் வரலாம். நள்ளிரவில் இறங்கினால் அதுவும் இருக்காது, கார்தான். வாசலிலிருந்து வாசலுக்கு, எல்லாம் சரியாக அமைந்தால், 22 மணி நேரம்.

அம்மா கேட்டால் ஒரு முழு நாள் ஆகும் என்றே சொல்லிவிட்டுப் போங்கள்.