பூந்தொட்டியை முதலில் எடுங்கள்

வீட்டு மராமத்து: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீடு கடலூர் செம்மண்டலத்தில். கட்டிப் பதினைந்து வருஷம் ஆகிறது. கேட்டுக்கும் போர்டிகோவுக்கும் நடுவே, கார் ஏறி இறங்குகிற வழியிலேயே, கழிவுநீர்ச் சேம்பர் ஒன்று இருக்கிறது. இரண்டுக்கு இரண்டு அடி சிமெண்ட் மூடி. பொங்கலுக்கு வந்த மகன் காரைப் பின்னால் எடுக்கும்போது மடக்கென்று ஒரு சத்தம், மூடி குறுக்கே பிளந்து ஒரு மூலை உள்ளே இறங்கிவிட்டது. இப்போதைக்கு ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு மேலே பூந்தொட்டி வைத்திருக்கிறோம். கொத்தனார், "அஞ்சு இன்ச் கனத்துல ஊத்திடலாம்மா, யானை ஏறினாலும் அசையாது" என்கிறார். ஹார்டுவேர் கடையில் இரும்புத் தகட்டு மூடி போடச் சொல்கிறார்கள். மகன் ஆன்லைனில் ஃபைபர் மூடி வாங்கலாம் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி, செம்மண்டலம்)

பதில்: அம்மா, முதலில் அந்தப் பூந்தொட்டியை எடுங்கள். தொட்டி இருந்தால் யாரும் மிதிக்க மாட்டார்கள் என்று வைத்திருப்பீர்கள், சரிதான், ஆனால் பனியிலும் செடிக்கு ஊற்றுகிற தண்ணீரிலும் ஊறி அந்தப் பிளைவுட் அப்பளமாகிவிடும், அப்புறம் ஒரு நாள் தொட்டியை நகர்த்தப் போகிறவர்தான் உள்ளே போவார். சுற்றிலும் செங்கல்லோ மணல் மூட்டையோ அடுக்கி, நாலு சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டிவிடுங்கள். வேலை முடிகிற வரை கார் தெருவிலேயே நிற்கட்டும்.

இனி மூடிக்கு வருவோம். எந்த மூடி போடுவது என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள், பழைய மூடி ஏன் உடைந்தது என்று ஒருவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. உடைந்த துண்டை வெளியே எடுத்துப் போட்டுப் புரட்டிப் பாருங்கள். உள்ளே விழுந்த துண்டைக் கொக்கி போட்டு இழுக்கலாம், அதற்காக யாரும் இறங்க வேண்டாம். கம்பி எந்தப் பக்கம் இருக்கிறது? மேலே சக்கரம் அழுத்தும்போது மூடியின் அடிப்பக்கம்தான் இழுபடும். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது, அதற்குத்தான் அடியில் கம்பி. தரையில் பேப்பர் விரித்து மூடி ஊற்றும்போது கம்பியைச் சரியாக அடியில்தான் வைப்பார்கள், ஆனால் கொக்கி வைக்காத மூடியாக இருந்தால், தூக்கி வைக்கும்போது, தரையோடு இருந்த பக்கம் வழவழவென்று அழகாக இருக்கிறதே என்று அதை மேலே வரும்படி திருப்பிப் போட்டுவிடுவார்கள். கம்பி மேலே போய்விடும், அடியில் வெறும் கான்கிரீட். இப்படித் தலைகீழாகப் போட்ட மூடிகளை நான் எண்ணி மாளாத அளவுக்குப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, துரு. உடைந்த இடத்தில் கம்பி இதழ் இதழாக உப்பி, சுற்றியுள்ள கான்கிரீட் பிட்டு மாதிரி உதிர்ந்தால் அது கடற்கரை ஊரின் வேலை. துரு, இரும்பை விட அதிக இடம் கேட்கும், அதனால் கம்பி துருப்பிடித்தால் உள்ளேயிருந்தே கான்கிரீட்டைப் பிளந்துவிடும். நமக்கு மேலேயிருந்து உப்புக் காற்று, கீழேயிருந்து சாக்கடை வாயு. அந்த அழுகிய முட்டை நாற்றம் இருக்கிறதே, ஹைட்ரஜன் சல்ஃபைடு, அது மூடியின் ஈரமான அடிப்பக்கத்தில் பாக்டீரியாவால் கந்தக அமிலமாக மாறி சிமெண்டைத் தின்னும். மேலே பார்த்தால் மூடி புதுசு மாதிரியே இருக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். மூடி உட்காருகிற விளிம்பைப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். செங்கல் சுவரின் மேல் கொஞ்சம் கலவை பூசி அதன்மேல் மூடியை வைத்திருப்பார்கள், ஒரு பக்கம் கலவை உதிர்ந்ததும் மூடி மூன்று மூலையில் நிற்கும், கார் ஏறும்போதெல்லாம் டக்கு டக்கென்று ஆடும். உங்கள் வீட்டிலும் ஒரு வருஷமாவது அந்தச் சத்தம் கேட்டிருக்க வேண்டும், மகனைக் கேட்டுப் பாருங்கள். ஆடுகிற மூடி எந்தக் கனமாக இருந்தாலும் உடையும். விளிம்பைச் சரி செய்யாமல் யானைக்கு மூடி செய்து பிரயோஜனம் இல்லை.

அந்த அஞ்சு இன்ச் யோசனையை நானும் ஒரு காலத்தில் செய்தவன்தான். முப்பது வருஷம் கட்டட வேலை பார்த்த திமிரில் என் வீட்டுச் சேம்பருக்கு ஐந்து அங்குலக் கனத்தில் ஊற்றினேன். இரண்டடிச் சதுரம், ஐந்து அங்குலம் என்றால் ஏறக்குறைய 115 கிலோ. ஒரு மழைக்காலத்தில் குழாய் அடைத்துக்கொண்டது, மூடியைத் திறக்க ஆள் இல்லை, நானும் மச்சானும் கடப்பாரையை விட்டு நெம்பினோம். மூடிக்கு ஒன்றும் ஆகவில்லை, விளிம்பில் இரண்டு செங்கல் பெயர்ந்து வந்தது. திரும்ப வைத்ததிலிருந்து ஆட்டம், அடுத்த தீபாவளிக்குள் விரிசல். என் வீட்டம்மா அதை இன்னும் மறக்கவில்லை.

மூன்று அங்குலம் போதும். இரண்டடிச் சதுரத்துக்கு எழுபது கிலோவுக்குள் வரும், கொக்கி வைத்திருந்தால் இரண்டு பேர் தூக்கலாம். 8 மி.மீ. கம்பியை நாலு அங்குல இடைவெளியில் இரண்டு பக்கமும் பின்னி, கம்பிக்கும் அடிப்பரப்புக்கும் நடுவே 25 மி.மீ. இருக்கும்படி கவர் பிளாக், அதாவது கம்பியைத் தூக்கிப் பிடிக்கிற சின்னச் சிமெண்ட் கட்டி, வைக்கச் சொல்லுங்கள், ஜல்லித் துண்டை முட்டுக் கொடுப்பது வேண்டாம். கலவை ஒன்றுக்கு ஒன்று, இரண்டு, அதாவது ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு மணல், இரண்டு பங்கு ஜல்லி. கலக்குகிற தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரித்தால் அந்த போர் தண்ணீர் வேண்டாம், குடிதண்ணீரிலேயே கலக்கட்டும். தேவனாம்பட்டினம் பக்கம் சும்மா கிடைக்கிறதே என்று கடல் மணலைத் தொடவே கூடாது, கம்பிக்கு நாமே விஷம் வைத்த மாதிரி. ஊற்றிய அன்றே ஈரத்தில் ஒரு ஆணியால் "மேல்" என்று கீறிவிடுங்கள், தலைகீழ்க் கதை திரும்ப நடக்காது. ஈரச் சாக்கு போட்டு ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும், கார் ஏற்றுவதற்கு 28 நாள் பொறுக்க வேண்டும். கொத்தனார் மூன்றாம் நாளே "ஏத்துங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்பார். ஏற்றாதீர்கள்.

இரும்புத் தகட்டு மூடி நமக்கு ஒத்துவராது. முதல் வருஷம் நன்றாக இருக்கும், அப்புறம் ஓரத்தில் துரு தின்று, தகடு வளைந்து, கார் ஏறும்போது தெருவுக்கே கேட்கும். வார்ப்பிரும்பு அவ்வளவு சீக்கிரம் போகாது, ஆனால் பழைய இரும்புக் கடையில் அதற்கு மதிப்பு இருக்கிறது, அதனால் ராத்திரியில் காணாமல் போகும் பொருள்.

உங்கள் மகன் சொல்கிற ஃபைபர் மூடி மோசமில்லை. துருப்பிடிக்காது, ஒருவரே தூக்கலாம், திருடனுக்கும் பிரயோஜனமில்லை. ஆனால் படத்தைப் பார்த்து வாங்கக் கூடாது, எத்தனை டன் என்று மூடியிலேயே அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'ஏ 15' என்றிருந்தால் அது ஒன்றரை டன், ஆள் நடக்கிற இடத்துக்கு. 'பி 125' என்றால் பன்னிரண்டரை டன், கார் நிற்கிற இடத்துக்கு. ரெடிமேடு கான்கிரீட் மூடி வாங்கினால் ஐ.எஸ். 12592 என்ற தரம் உண்டு, அதில் எல்.டி. (லைட் டியூட்டி, லேசான பாரம்) 2.5 டன், எம்.டி. (மீடியம் டியூட்டி, நடுத்தரம்) 10 டன், எச்.டி. (ஹெவி டியூட்டி, கனபாரம்) 20 டன். எப்போதாவது கார் ஏறுகிற வீட்டு வளாகத்துக்கு எல்.டி. போதும் என்றுதான் கணக்கு, தினமும் ஏறுகிற பாதைக்கு நான் எம்.டி.தான் சொல்வேன். எதை வாங்கினாலும் ஃபிரேமோடு சேர்த்து வாங்குங்கள்.

வாங்குமுன் டேப் பிடித்து அளங்கள். திறப்பின் அளவு வேறு, மூடியின் அளவு வேறு, கடைக்காரர் எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் குழி சதுரமே இல்லை. விளிம்பில் உதிர்வதையெல்லாம் தட்டி எடுத்து, கெட்டியான செங்கல் தெரிந்த பிறகு, அதன்மேல் நாலு அங்குலத்துக்குக் கான்கிரீட் வளையம் ஊற்றி, ஃபிரேமை ரசமட்டம் வைத்துப் பதிக்க வேண்டும். மூடி நாலு பக்கமும் இரண்டு அங்குலமாவது விளிம்பில் உட்கார வேண்டும். தட்டுவதற்கு முன்னால் சேம்பருக்குள் ஒரு பழைய சாக்கை விரித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் உடைந்த கலவை முழுக்கக் குழாய்க்குள் போய், மூடி மாற்றிய மறுவாரம் கக்கூஸ் அடைத்துக்கொள்ளும்.

கடைசியாக, இடுக்கில் சிமெண்ட் பூசி அடைக்க விடாதீர்கள். நாற்றம் வராது என்பார்கள், உண்மைதான், ஆனால் அடுத்த தடவை திறக்கக் கடப்பாரைதான் வரும். ஃபிரேம் பள்ளத்தில் கிரீஸ் தடவினாலே போதும்.

கேள்வி: புதுச்சேரி ரெயின்போ நகரில் இருக்கிறோம். ஃபெஞ்சல் புயல் மழையில் வாசலில் இருந்த சேம்பர் மூடி தானாகவே நகர்ந்து சாக்கடைத் தண்ணீர் கொப்பளித்தது. சிமெண்ட் மூடி எப்படி நகரும்? போல்ட் போட்டு இறுக்கிவிடலாமா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: சார், 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரியில் பெய்தது சாதாரண மழையா? ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல். மூடி நகர்ந்ததில் ஆச்சரியமில்லை. திறப்பு ஒன்றரை அடிச் சதுரத்துக்குச் சற்று அதிகம், 50க்கு 50 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், மூடிக்குக் கீழே இருக்கிற தண்ணீர் மேலே ஏறப் பார்க்கும் ஒவ்வொரு 10 செ.மீ. உயரத்துக்கும் 25 கிலோ மூடியைத் தள்ளும். தெருவில் இருக்கிற பாதாளச் சாக்கடை மூடி உங்கள் வாசலை விட ஒரு அடி உயரத்தில் இருந்து, அதுவரை தண்ணீர் நிரம்பிவிட்டால் 75 கிலோ. உங்கள் மூடி எழுந்துவிடும். ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, வீடுகள் எல்லாம் பள்ளத்தில் நிற்கின்றன. தண்ணீர் தாழ்ந்த மூடியைத் தேடித்தான் வரும்.

போல்ட் போட்டு இறுக்கினால் மூடி நிற்கும், ஆனால் தண்ணீர் அடுத்த தாழ்ந்த ஓட்டையைத் தேடும், அது உங்கள் தரைத்தளத்துக் குளியலறை. அதனால் முதலில் தெரு லைனுக்குப் போகிற குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு, அதாவது தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வர விடாத வால்வு, போடுங்கள், அதற்கப்புறம் பூட்டு வைத்த மூடி போடலாம். மழைக்காலத்துக்கு முன்னால் வால்வைத் திறந்து சுத்தம் செய்யாவிட்டால் அதிலேயே குப்பை மாட்டிக்கொண்டு மூடாமல் நிற்கும், இதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டுக்கு வெளியே இருக்கிற மூடி உங்களுடையது இல்லை, உடைந்திருந்தால் பொதுப்பணித் துறைக்கு எழுதிக் கொடுங்கள், நீங்களே கை வைக்காதீர்கள்.

கேள்வி: செப்டிக் டேங்க் மூடி உடைந்து துண்டு உள்ளே விழுந்துவிட்டது. கொத்தனார் தானே இறங்கி எடுப்பதாகச் சொல்கிறார், ஐந்து நிமிஷ வேலையாம். (வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: கூடாது. முதல் பதிலில் சொன்ன ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு காற்றை விடக் கனமானது, அடியில் தேங்கி நிற்கும், அளவு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, நாற்றம் இல்லையே என்று இறங்குகிறவர் அங்கேயே சாய்ந்துவிடுவார், அவரைத் தூக்கப் போகிறவரும் அப்படித்தான். ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். சாக்கடையில் இறங்கி உயிர் போனால் 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. பணத்தை விடுங்கள், உங்கள் வாசலில் அது நடக்க வேண்டுமா? லாரியைக் கூப்பிட்டு டேங்கைக் காலி செய்துவிட்டு, மேலேயிருந்தே கொக்கி போட்டு எடுங்கள். வராவிட்டால் துண்டு அங்கேயே கிடக்கட்டும், குழாய் வாயை அடைக்காத வரை அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. மூடி இல்லாத டேங்க் பக்கத்தில் பீடியும் பற்ற வைக்கக் கூடாது, மீத்தேன் இருக்கும்.

கேள்வி: வாசலில் கோலம் போடுகிற இடத்திலேயே மூடி வந்துவிட்டது. மேலே டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடலாமா? (வாசகி, லாஸ்பேட்டை)

பதில்: ஒட்டலாம், ஆனால் மூடியையும் தரையையும் சேர்த்து ஒரே டைல்ஸாக ஒட்டிவிடாதீர்கள். தட்டு மாதிரி குழிவாக ஒரு மூடி வருகிறது, அந்தக் குழிக்குள்ளேயே டைல்ஸைப் பதித்துக்கொள்ளலாம், ஓரத்தில் மெல்லிய கோடு மட்டும்தான் தெரியும், சாவி போட்டுத் தூக்கலாம். டைல்ஸும் கலவையும் சேர்ந்து கனம் கூடும் என்பதால் அதற்கேற்ற ஃபிரேம் வாங்குங்கள். அந்தக் கோட்டைச் சுற்றியே சிக்குக் கோலம் போட்டால் யாருக்கும் தெரியாது. ஒட்டுவதற்கு முன்னால் மூடி, கேட்டிலிருந்து எத்தனை அடி, மதிலிலிருந்து எத்தனை அடி என்று டேப் பிடித்தபடி ஒரு போட்டோ எடுத்து வீட்டில் எல்லோருடைய போனிலும் போட்டு வையுங்கள்.