பெங்களூரு நம்பர் லெக்ஸஸ்: பேட்டரிக்கு முன்னால் வரிக் கணக்கு

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் மாங்கூழ் ஆலை வைத்திருக்கிறேன். வாரம் இரண்டு முறை பெங்களூரு போய்வர வேண்டும். அங்கே ஒருவரிடம் 2018 டிசம்பரில் பதிவான லெக்ஸஸ் இஎஸ் 300எச் ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்) இருக்கிறது. ஒரே உரிமையாளர், 74,000 கி.மீ. ஓடியிருக்கிறது, 31 லட்சம் சொல்கிறார். பேட்டரி போனால் வண்டியே போச்சு என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் 31 லட்சத்துக்கு வேண்டாம். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது பேட்டரியை விட நம்பர் பிளேட்டைத்தான் அதிகம் பொறுத்தது.

வண்டி கே.ஏ., அதாவது கர்நாடகப் பதிவு. வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அப்போது தமிழ்நாட்டு ஆயுள் வரியைக் கட்ட வேண்டும். 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது காருக்கு இங்கே வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும். ஆனால் கணக்குப் போடுவது நீங்கள் கொடுக்கும் 31 லட்சத்தின் மேல் அல்ல, வண்டி புதிதாக விற்ற விலையின் மேல். இந்த மாடல் 2018 ஜூலையில் வந்தபோது ஷோரூம் விலை 59.13 லட்சம். ஒரு சதவீதம் என்றாலே 59 ஆயிரம் ரூபாய். மொத்தத் தொகை லட்சங்களில் வரும். ஆர்.சி. நகலை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கணக்குப் போட்டுக் கேட்டுவிட்டு, பிறகு விலை பேசுங்கள். கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்டு மனுப் போடலாம்தான். ஆனால் கைக்கு வரும்வரை அதை வரவில் எழுதாதீர்கள். ‘கே.ஏ. நம்பரிலேயே ஓட்டிக்கோங்க சார், யார் கேக்கப் போறாங்க’ என்று புரோக்கர் சொல்வார். ஓசூர் எல்லையில் ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் நிறுத்திக் கேட்கும்போது அந்தப் புரோக்கர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

விற்பவரிடம் வாங்க வேண்டிய தாள்கள்: அங்குள்ள ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று (படிவம் 28, கிருஷ்ணகிரி டி.என். 24-ஐக் குறிப்பிட்டு), கையெழுத்திட்ட படிவம் 29, 30. கடன் இருந்து தீர்ந்திருந்தால் படிவம் 35-ம் வங்கிக் கடிதமும். புது எண்ணுக்கான படிவம் 27 நீங்கள் போடுவது.

இனி பேட்டரி. இந்த வண்டியில் இருப்பது மின்சாரக் காரில் வருகிற லித்தியம் பெட்டி அல்ல. பின் இருக்கைக்கு அடியில் 244.8 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பெட்டி, 7.2 வோல்ட் மாட்யூல் (சிறு பேட்டரி) 34 வரிசையாகக் கோத்தது. பிளக்கில் சார்ஜ் போடும் வேலை கிடையாது. எஞ்சினும் பிரேக்கும்தான் இதை நிரப்புகின்றன. கணினி இதை முழுசாக நிரப்பவும் விடாது, முழுசாக வற்றவும் விடாது. ஏறக்குறைய 40-லிருந்து 80 சதவீதத்துக்குள் வைத்திருக்கும். பத்து ஆண்டு தாண்டியும் பல பெட்டிகள் உழைப்பதற்கு அதுதான் காரணம். இதைக் கொல்வது கிலோமீட்டர் அல்ல, சூடு. பெட்டியைக் குளிர வைப்பது ஒரு சிறு விசிறி. அது காற்றை இழுப்பது கேபினுக்குள்ளிருந்து, பின் இருக்கைக்குக் கீழே உள்ள வலைத் துவாரம் வழியாக. அங்கே நாய் முடி, தூசி, பிஸ்கட் துகள் அடைத்துக்கொண்டால், அல்லது யாராவது பையை முட்டுக் கொடுத்து வைத்தால், நடுவில் இருக்கும் மாட்யூல்கள் முதலில் வெந்துபோகும். குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். துவாரம் சாம்பல் நிறத்தில் மண்டிக் கிடந்தால் பராமரிப்பு எப்படி என்று கேட்கவே வேண்டாம்.

ஓட்டிப் பார்த்து மட்டும் பேட்டரியை எடைபோட முடியாது, ஸ்கேன் எடுக்க வேண்டும். பெங்களூரு லெக்ஸஸ் சர்வீஸ் மையத்தில் பணம் கட்டி ஹைப்ரிட் பரிசோதனைத் தாளை உங்கள் பெயரில் வாங்குங்கள். விற்பவர் காட்டும் பழைய தாள் வேண்டாம். மாட்யூல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ‘பிளாக்’ என்பார்கள். வண்டி சும்மா நிற்கும்போது பிளாக்குகளுக்கு இடையே 0.2, 0.3 வோல்ட் வித்தியாசம் பெரிதல்ல. ஆக்சிலரேட்டரை அழுத்தி இழுக்கும்போது ஒரே ஒரு பிளாக் மட்டும் மற்றவற்றை விட 1 வோல்ட்டுக்குப் பக்கமாக விழுந்தால் அந்தப் பெட்டி தளர்ந்துவிட்டது. பிழைக் குறியீட்டில் பி0ஏ80 என்று இருந்தால் பெட்டியை மாற்றச் சொல்கிறது. பி0ஏஏ6 என்றால் உயர் மின்னழுத்தம் எங்கோ வண்டியின் இரும்பு உடலுக்குக் கசிகிறது; காரணம் தெரியும்வரை அந்த வண்டியைத் தொடாதீர்கள்.

குறியீடே இல்லை என்றால் நல்ல வண்டி என்று அர்த்தமில்லை. முந்தின நாள் அழித்திருக்கலாம். ஸ்கேனரில் ‘குறியீடு அழித்தபின் ஓடிய தூரம்’ என்று ஒரு வரி உண்டு. அதில் 40, 50 கி.மீ. என்று காட்டினால் ஏன் அழித்தீர்கள் என்று கேளுங்கள். ஒரு வாரம் ஓட்டச் சொல்லி மறுபடி ஸ்கேன் எடுங்கள்.

ஓட்டிப் பார்க்கப் பெங்களூரு நெரிசல் போதாது. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் பக்கம் ஏற்றத்தில், மதிய வெயிலில், ஏ.சி.யை முழுதாக வைத்து ஓட்டித் திரும்புங்கள். நல்ல பெட்டியில் திரையில் சார்ஜ் அளவைக் காட்டும் கட்டைகள் மெதுவாக ஏறி இறங்கும். இறக்கத்தில் இரண்டு நிமிடத்தில் நிரம்பி, ஏற்றத்தில் அதே வேகத்தில் வற்றினால் கொள்ளளவு சுருங்கிவிட்டது. பிறகு நிழலில் நிறுத்தி, பி-யில் ஏ.சி. ஓட விட்டு, எஞ்சின் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை எழுகிறது என்று கவனியுங்கள். ஓயாமல் எழுந்து எழுந்து அணைந்தால் அதுவும் அதே நோய்தான்.

பலர் பார்க்காமல் விடுவது பிரேக். மிதிக்கும் விசையை எஞ்சின் உறிஞ்சலால் கூட்டித் தரும் சாதாரண வாக்யூம் பூஸ்டர் இதில் கிடையாது. ஒரு மின் பம்பு அழுத்தத்தைச் சேர்த்து வைக்கிறது. கதவைத் திறந்தால் ஒரு முறை ‘உர்ர்’ என்று கேட்பது இயல்பு. பிரேக்கைத் தொடாமல் உட்கார்ந்திருக்கும்போதே சில வினாடிக்கு ஒருமுறை பம்பு ஓடினால் உள்ளே கசிவு. இந்த ஒரு பாகம் பழுதானால் வரும் பில்லைப் பார்த்தால் பேட்டரி பரவாயில்லை என்று தோன்றும். பிரேக் ஆயிலை 2 ஆண்டு அல்லது 40,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றிய பதிவு இருக்கிறதா என்று சர்வீஸ் வரலாற்றில் தேடுங்கள்.

வெள்ளம்! 2022-ல் பெங்களூரு வெளிவட்டச் சாலை, பெல்லந்தூர் பக்கம் அடுக்குமாடிகளின் தரைத்தளத்தில் விலையுயர்ந்த கார்கள் மூழ்கின. ஊத்தங்கரையில் 2024 டிசம்பரில் வாகனங்கள் அடித்துப் போனதை நீங்களே அறிவீர்கள். பேட்டரி பெட்டி இருக்கைக்கு அடியில் இருப்பதால் முழங்கால் தண்ணீரே இதற்கு அதிகம். சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து அடிநுனியில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னிக் குழியை, பின் இருக்கைக்கு அடியில் உள்ள கனெக்டர்களைப் பாருங்கள். செம்பில் பச்சை பூத்திருந்தால் பேச்சே வேண்டாம். காப்பீட்டு க்ளெய்ம் வரலாற்றையும் எழுத்தில் கேளுங்கள்.

12 வோல்ட் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. அது தளர்ந்தாலே திரையில் எல்லா விளக்கும் எரிந்து, ஹைப்ரிட் பெட்டியே போனது போலப் பயமுறுத்தும். மாற்றும்போது வாயுவை வெளியே விடும் குழாய் பொருத்திய வகையையே போட வேண்டும்.

வாங்கியபின் கவனிக்க வேண்டியதில் முதலாவது ஏ.சி. அதன் கம்ப்ரஸர் பெல்ட்டில் அல்ல, உயர் மின்னழுத்தத்தில் சுற்றுகிறது. இதற்கு ‘என்.டி. 11’ என்ற மின்கடத்தாத ஆயில் மட்டுமே. பைபாஸ் ஏ.சி. கடையில் எல்லாக் காருக்கும் ஊற்றும் ஆயிலை இதிலும் ஊற்றினால், மேலே சொன்ன பி0ஏஏ6 நீங்களே விலை கொடுத்து வாங்கியதாக ஆகும். எலி இன்னொன்று. மாங்காய் சீசனில் ஆலை ஷெட்டில் நிறுத்துவீர்களானால் வயரைக் கடிக்கும். ஆரஞ்சு நிற வயரில் உள்ளூர் மெக்கானிக் டேப் சுற்றக்கூடாது, அது உயிர் போகும் மின்சாரம். நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. முன்சக்கரம் உருண்டால் உள்ளே மோட்டார் சுழலும், ஆகவே வண்டியை மேலே ஏற்றிச் செல்லும் லாரிதான். டோல்கேட் வரிசையில் நெடுநேரம் ‘என்’-னில் (நியூட்ரலில்) வைக்காதீர்கள், அதில் பெட்டிக்குச் சார்ஜ் ஏறாது. சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் பெட்டி நிரம்பிவிட்டால் பெட்டிக்குச் சார்ஜ் ஏற்றியபடி வேகத்தைக் குறைக்கும் மின்பிரேக் வேலை செய்யாது. கியரை ‘எஸ்’-சுக்கு மாற்றி எஞ்சினைப் பிடிக்க விடுங்கள்.

பெட்ரோல் மிச்சத்தை நம்பி வாங்காதீர்கள். அறிவித்த மைலேஜ் லிட்டருக்கு 22.37, நெடுஞ்சாலையில் 100-ல் போகும்போது பெரும்பாலும் எஞ்சின்தான் ஓடும். லிட்டருக்கு 15 என்று வையுங்கள். மாதம் 1,500 கி.மீ.க்கு 100 லிட்டர். இதே அளவு பெட்ரோல் சொகுசுக் கார் 10 கொடுத்தால் 150 லிட்டர். மிச்சம் 50 லிட்டர், மாதம் சுமார் 5,000 ரூபாய். உங்கள் வழியில் ஹைப்ரிட்டின் லாபம் தெரிவது பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில்தான்.

விலைக்கு வருவோம். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து பேட்டரி பெட்டிக்கும் மாற்றும் கூலிக்கும் சேர்த்து சர்வீஸ் மையத்தில் எழுத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள். ஏழு ஆண்டு தாண்டிய பெட்டி என்பதால், ஸ்கேன் நன்றாக இருந்தாலும் அந்தத் தொகையில் பாதியைக் கழியுங்கள். ஆர்.டி.ஓ. சொன்ன வரியை முழுதாகக் கழியுங்கள். இது ஜப்பானிலிருந்து முழு வண்டியாக இறக்குமதியானது. இந்த மாடலை பெங்களூரு அருகே பிடதி ஆலையில் பொருத்தித் தயாரிக்கத் தொடங்கியது 2020-ல். ஆகவே முன்கண்ணாடி, ஹெட்லைட் விலையையும் அதே விலைப்புள்ளியில் கேட்டுவிடுங்கள்.

விற்பவர் இறங்கவில்லை என்றால், டி.என். பதிவில் 2021 ஆகஸ்டிலிருந்து 2024 நவம்பர் வரை விற்ற டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட்டைத் தேடுவது மேல். அதே 2.5 லிட்டர் எஞ்சின், அதே 218 குதிரைத்திறன். 2021 ஆகஸ்டிலிருந்து விற்ற கேம்ரிக்கு ஹைப்ரிட் பேட்டரி உத்தரவாதம் 3 ஆண்டிலிருந்து 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. ஆனது. தேடும்போது ‘ஹைப்ரிட்’ என்று போட்ட ஜெர்மன் கார்களும் கண்ணில் படும். அவற்றில் பல 48 வோல்ட் மைல்டு ஹைப்ரிட். மின்சாரத்தில் மட்டும் ஓடாது, மேலே எழுதிய பேட்டரிச் சோதனைகளும் அவற்றுக்குப் பொருந்தாது.