ஐசியூவில் கணவர்: கடன் வாங்கித் தனியாருக்கு மாற்றலாமா?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். லோரி ஓட்டும் என் கணவருக்கு வயது 51. லிம்போமா புற்றுநோய்க்கு ஈப்போ அரசாங்க மருத்துவமனையில் கீமோ நடந்தது. இரண்டாவது கீமோவுக்குப் பிறகு கிருமி தொற்றி நுரையீரல் பாதித்து, மூன்று நாளாக ஐசியூவில் சுவாசக் கருவியோடு இருக்கிறார். தனியாருக்கு மாற்றினால் பிழைத்துவிடுவார் என்கிறார் அவருடைய அண்ணன். மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி) இல்லை. என் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), நகை, கடன் எல்லாம் சேர்த்தால் 60,000 வெள்ளி தேறும். என்ன செய்வது?

பதில்: சகோதரி, இப்போது மாற்ற வேண்டாம். அண்ணனின் பதற்றம் புரிகிறது. ஆனால் உங்கள் கணவருக்கு இந்த நேரத்தில் தேவையான சுவாசக் கருவி, ஆன்டிபயாடிக், ரத்த அழுத்தம் விழாமல் தாங்கும் மருந்து எல்லாம் அவர் படுத்திருக்கும் இடத்திலேயே கிடைக்கின்றன. சுவாசக் கருவியோடு ஒருவரை ஆம்புலன்சில் ஏற்றுவதே ஆபத்து. தனியாரில் முன்பணம் கட்டிய பிறகும் பில் நாளுக்கு ஆயிரக்கணக்கில் ஏறும். 60,000 கரைந்ததும், அதே அரசாங்க ஐசியூவில் மறுபடி இடம் தேட வேண்டி வரலாம்.

புற்றுநோயாளி ஐசியூவுக்குப் போனால் திரும்பமாட்டார் என்று முன்பு டாக்டர்களே நினைத்தார்கள். இன்று நிலைமை மாறியிருக்கிறது. பலர் பிழைத்து வார்டுக்குத் திரும்புகிறார்கள். அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எத்தனை உறுப்புகள் செயலிழந்தன, நோய் முற்றுவதற்கு முன் அவர் நடமாடினாரா, எந்தக் காரணத்தால் உள்ளே போனார் என்பவைதான். ஐசியூவைத் தாண்டிய பிறகுதான் புற்றுநோயின் கணக்கு தொடங்கும்: கீமோவைத் தொடர உடம்பு தாங்குமா? லிம்போமா கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படக்கூடிய நோய் என்பதால் இந்தக் கேள்விக்கு உங்கள் வீட்டில் அர்த்தம் அதிகம்.

ஆகவே உங்கள் பணம் அந்த மாதங்களுக்கு வேண்டும். ஈப்போவுக்குப் போய்வர, சத்தான சாப்பாட்டுக்கு, சம்பளம் நின்றால் வீட்டுத் தவணைக்கு. நகையை அடகு வைக்காதீர்கள், வட்டிக்காரரிடம் போகவே போகாதீர்கள்.

இபிஎஃப்பைப் பொறுத்தவரை, கணவரின் சிகிச்சைக்காக உங்கள் சேமநிதியில் செஜாத்ரா என்ற பிரிவுக் கணக்கிலிருந்து எடுக்க வழி உண்டு. ஆனால் உண்மையான செலவு, கணக்கில் இருக்கும் தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். செலவு வந்த பிறகு விண்ணப்பித்தால் போதும். கணவரின் முதலாளியிடம் மருத்துவமனை விடுப்பைப் பற்றி இன்றே பேசுங்கள்; தொழிலாளர் சட்டம் ஆண்டுக்கு 60 நாள்வரை சம்பளத்தோடு தருகிறது. அவரால் நீண்ட நாள் வேலை செய்ய முடியாது என்றால் சொக்சோவில் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். அவர் கண் விழித்துத் தெளிவானதும், இபிஎஃப்பில் வாரிசு பெயர் எழுதியிருக்கிறாரா என்று கேளுங்கள். சொல்லக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள்.

நாளைக் காலை டாக்டரைப் பார்க்கும்போது அண்ணனையும் கூட்டிப் போங்கள். எந்தெந்த உறுப்புகளுக்குக் கருவியோ மருந்தோ துணை தேவைப்படுகிறது, இங்கே கிடைக்காத சிகிச்சை ஏதாவது அவருக்கு வேண்டுமா, எந்த நாளில் நிலைமையை மறுபடி எடைபோடுவார்கள் என்று கேளுங்கள். முழுச் சிகிச்சையும் கொடுத்து நான்கைந்து நாள் கழித்து உறுப்புகள் தேறுகின்றனவா என்று பார்ப்பது இப்போது பல ஐசியூக்களில் வழக்கம். இரண்டாவது கேள்விக்கு டாக்டரே ஆமாம் என்றால் மட்டும் மாற்றுவதைப் பற்றி எனக்கு மறுபடி எழுதுங்கள்.