பார்த்து வரைவதே தொழிலானால்: கேள்வி பதில்

சென்னையில் யதார்த்த ஓவியம் வரைவதும் கற்றுத்தருவதும் என் வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

உங்கள் வகுப்பைக் கிளாசிக்கல் ரியலிசம் என்கிறீர்கள். ரவி வர்மா வரைந்ததும் அதுதானே? (மயிலாப்பூர்)

உறவு உண்டு, ஆனால் வேறு வழி. கிளாசிக்கல் ரியலிசம் என்று இன்று சொல்வது ஒரு பயிற்சி மரபை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ரிச்சர்ட் லாக் 1969-ல் ஓவியப் பட்டறை தொடங்கி, 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் கல்விமுறையை மீட்டெடுத்தார். முதலில் அச்சுப்படங்களைப் பார்த்து வரைய வேண்டும். அப்புறம் பிளாஸ்டர் சிலை, அதன் பிறகுதான் உயிருள்ள மாடல். வண்ணம் ரொம்ப நாள் காத்திருக்கும். ரவி வர்மாவுக்கு இப்படி ஒரு வரிசையான பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. பெரும்பாலும் பார்த்தும் முயன்றும் கற்றார். அதனால்தான் அவர் மீது எனக்கு இவ்வளவு மரியாதை.

சார், பிஎஃப்ஏ (நுண்கலைப் பட்டப்படிப்பு) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இதைக் கற்க இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்து அகாடமிக்குப் போகத்தான் வேண்டுமா? (பெரம்பூர்)

வசதி இருந்தால் போய் வாருங்கள். இல்லையென்றால் கவலை வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் சார்ல் பார்க் தயாரித்த ஓவியப் பயிற்சிப் பாடத்தில் 197 தாள்கள் உண்டு. ஒன்றைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, பக்கத்திலேயே அதே அளவில் சார்கோலில் வரையுங்கள். முதலில் நிழலின் எல்லைக்கோடு சரியாக வரட்டும். கண், மூக்கு தானாக வரும். அடுத்து மெரினாவில் உழைப்பாளர் சிலைக்குப் போங்கள். எழும்பூர் ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்தது அது. காலை வெயிலில் அந்த முதுகுத் தசைகளே பெரிய பாடம். சீக்கிரமே நிழல் நகர்ந்துவிடும், மறுநாள் அதே நேரத்துக்கு வந்து தொடருங்கள்.

ஐரோப்பியச் சிலைகளை வரைந்து பழகினால் நம் முகம் வருமா? (ராயபுரம்)

வரும், ஆனால் வண்ணத்தை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். அந்த நாட்டுப் புத்தகங்களின் தோல் நிறக் கலவைகள் இளஞ்சிவப்புத் தோலுக்கானவை. நம் மாநிறத்தில் ஜன்னல் வெளிச்சம் விழும் இடம் சற்று நீலம் தட்டும். நிழலுக்குள் சிவப்புச் சூடு இருக்கும். ஓவியர் எஸ். இளையராஜா வரைந்த பெண்களைப் பாருங்கள், தமிழ் வீட்டு வெளிச்சம் அந்தத் தோலில் அப்படியே உட்கார்ந்திருக்கும். 2021-ல் கொரோனா அவரைக் கொண்டுபோனது நம் ஓவியத்துக்குப் பேரிழப்பு.

போட்டோ பார்த்து வரைந்தால் என்ன? (வேளச்சேரி)

ஆர்டர் எடுத்து வரையும் வேலைக்குச் சில நேரம் வேறு வழியில்லை. ஆனால் போட்டோ நிழலைக் கறுப்பாக்கிவிடும், விளிம்பை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கூர்மையாக்கும். நேரில் நிறைய வரைந்தவருக்குத்தான் அதைத் திருத்தத் தெரியும்.

வகுப்பு எடுத்தால் சொந்த ஓவியம் நின்றுபோகும் என்கிறார்களே, அண்ணா? (தாம்பரம்)

இந்தப் பேச்சு எனக்கு வருத்தம் தருகிறது. பாரிஸில் ஓவியர் ஜெரோம், பாக்ஸ்டன் என்ற அமெரிக்க ஓவியருக்குக் கற்றுத்தந்தார். பாக்ஸ்டன் பாஸ்டனில் காமெலுக்கு, காமெல் நான் முன்பு சொன்ன ரிச்சர்ட் லாக்குக்கு. லாக்கிடம் படித்த டேனியல் கிரேவ்ஸ்தான் 1991-ல் ஃபுளோரன்ஸில் அந்த அகாடமியைத் தொடங்கினார். நடுவே ஒருவர் 'எனக்கு நேரமில்லை' என்றிருந்தால் சங்கிலி அறுந்திருக்கும். நவீன ஓவியம் கோலோச்சிய காலத்தில் இந்தக் கைத்திறன் பிழைத்ததே வகுப்பறையில்தான். அதனால் கற்றுத்தருவதை ஓவியத்தில் தோற்றவர் வேலை என்று நினைக்காதீர்கள். மாணவரின் படத்தில் தாடை ஏன் தொங்குகிறது என்று விளக்கும்போது என் கண்ணும் கூர்மையாகிறது. ஒன்று மட்டும் செய்யுங்கள்: காலை வெளிச்சத்தை உங்கள் படத்துக்கு வையுங்கள், வகுப்பை மாலைக்குத் தள்ளுங்கள்.

மகன் பத்தாவது படிக்கிறான், ஓவியர் ஆகணும் என்கிறான். சோறு போடுமா? (கொளத்தூர், ஒரு அம்மா)

போடும் அம்மா, ஆனால் மெதுவாக. உருவப்பட ஆர்டர், வகுப்பு, எப்போதாவது விற்கும் கண்காட்சிப் படம் என்று மூன்றும் சேர்ந்துதான் மாதம் ஓடும். பாதிப் பணம் வாங்காமல் ஆர்டரைத் தொடங்கக் கூடாது என்பதை இப்போதே சொல்லிவையுங்கள். பன்னிரண்டாவதை முடிக்கட்டும், ஓவியக் கல்லூரிக்கு அது தேவை.

வடக்கு ஜன்னல் நல்லது என்றீர்கள், ஜூனில் என் ஜன்னலில் வெயிலே அடிக்கிறதே? (முகப்பேர்)

வடக்கு ஜன்னலில் நேர் வெயில் படாது, வெளிச்சம் அதிகம் மாறாது என்ற அந்த விதி ஐரோப்பாவுக்கானது. சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வேளையில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் ஜன்னலில் ட்ரேசிங் பேப்பர் ஒட்டுங்கள்.

நவம்பர் மழையில் எண்ணெய் வண்ணம் காயவே மாட்டேன் என்கிறது. (அடையாறு)

வண்ணத்தில் கலந்திருக்கும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாவதில்லை, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகும். ஈரக்காற்றும் குளிர்ச்சியும் அதைத் தாமதப்படுத்தும். அடிப்பூச்சுக்கு அம்பர் என்ற பழுப்பு மண் நிறத்தைக் கலந்தால் சீக்கிரம் காயும், கறுப்பு இழுத்தடிக்கும். எண்ணெய் குறைந்த பூச்சு அடியில், கூடியது மேலே. மாற்றினால் பூச்சில் விரிசல் விழும். படத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள்.