தாத்தாவுக்குக் காந்தி போட்ட கையெழுத்தை லண்டனில் விற்கலாமா?

கேள்வி: 1934இல் காந்தியடிகள் அரிஜன நிதி திரட்டத் தமிழ்நாடு வந்தபோது, என் தாத்தா ஐந்து ரூபாய் கொடுத்து அவரிடம் கையெழுத்து வாங்கினார். ‘மோ.க. காந்தி’ என்று தமிழில் இருக்கிறது. 1938இல் காந்தி தாத்தாவுக்குக் கைப்பட எழுதிய கடிதம் ஒன்றும் உண்டு. லண்டன் ஏல நிறுவனம் ஒன்று, உண்மைத்தன்மையைச் சரிபார்க்க இரண்டையும் கூரியரில் அனுப்பச் சொல்கிறது. சித்தப்பா மகன் பங்கு கேட்கிறார். அத்தை எதுவும் கேட்கவில்லை. தாத்தா 1971இல் உயில் எழுதாமல் காலமானார். என்ன செய்யலாம்?
– வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: கூரியரில் அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டம் சிலைகளுக்கு மட்டுமே என்று பலர் எண்ணுகிறார்கள். சிலை தொல்பொருளாக நூறாண்டு ஆக வேண்டும். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள ஆவணத்துக்கோ 75 ஆண்டுகள் போதும். உங்கள் கையெழுத்துத் தாள் 2009இலும், கடிதம் 2013இலும் அந்த வயதைத் தொட்டுவிட்டன. தொல்பொருளை மத்திய அரசோ, அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. “விற்க அல்ல, சரிபார்க்கத்தான் அனுப்பினேன்” என்ற பதில் உங்களைக் காப்பாற்றாது. பொட்டலத்தின் மேல் ‘பழைய காகிதம்’ என்று எழுதினால் சுங்கச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். தாத்தாவின் பொக்கிஷம் பறிமுதலாகிவிடும். நிறுவனத்துக்குத் தெளிவான படங்களை மட்டும் அனுப்புங்கள்.

ஒரு பொருள் தொல்பொருளா இல்லையா என்று ஐயம் வந்தால் முடிவு சொல்லும் அதிகாரம் இந்தியத் தொல்லியல் துறைக்கே உண்டு. சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. அங்கே எழுத்தில் கேளுங்கள். வெறும் கையெழுத்துத் தாளுக்கு ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று கோரி வாதிட இடமுண்டு. காந்தி கைப்பட எழுதிய கடிதத்துக்கு அது கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. கிடைக்கவும் கூடாது என்பது என் சொந்தக் கருத்து.

உள்நாட்டில் விற்கத் தடையில்லை. தொல்பொருள் வணிகம் செய்பவருக்கே உரிமம் வேண்டும். வீட்டில் இருந்ததை ஒருமுறை விற்பது வணிகமாகாது. மதுரை காந்தி அருங்காட்சியகத்தையும் கேட்டுப் பாருங்கள். ஒன்று நினைவில் இருக்கட்டும்: கடிதத்தாள்தான் உங்கள் குடும்பச் சொத்து. அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை, கடிதத்தைப் பெற்றவருக்கு வராது.

இனி பங்கு. சித்தப்பா மகன் கேட்பது நியாயம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாத்தாவின் தனிச்சொத்தில் மகன்களோடு மகளுக்கும் சம பங்கு உண்டு. அத்தை வாய் திறக்கவில்லை என்பதால் அவர் பங்கு உங்களுடையதாகிவிடாது. மூவரும் கையொப்பமிடாமல் விற்றால் நாளை வழக்கு வரும், வாங்கியவரும் சிக்குவார்.

அத்தையை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முப்பதாண்டுக்கு மேற்பட்ட ஆவணம், இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தது என்று காட்டினால், அதிலுள்ள கையெழுத்து உரியவருடையதே என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். வாங்குபவரும் முதலில் கேட்பது அதைத்தான்: இத்தனை காலம் எங்கே, யாரிடம் இருந்தது? தாத்தாவின் பெட்டியில் அந்தத் தாளைச் சிறுவயதில் பார்த்தவர், இன்று உயிரோடு இருப்பவர், அத்தை ஒருவர்தானே? இந்த வாரமே போய் அவர் சொல்வதைப் பிரமாணப் பத்திரமாக எழுதி, நோட்டரி முன் கையொப்பம் பெறுங்கள். போகும்போது தாளுக்கு லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள்.