மூவ் ஆன் என்றால் மறந்துவிடுவதா?

கேள்வி: தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்த பிறகு சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்துவிட்டோம். என் அம்மா இன்னமும் தோட்டத்துக் கோயிலைப் பற்றியே பேசுகிறார். ஐந்தாம் படிவம் படிக்கும் மகள், "மூவ் ஆன் பண்ணுங்க பாட்டி" என்கிறாள். அப்படியென்றால் வீடு மாறுவதா, மறந்துவிடுவதா?
- வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: இரண்டும் இல்லை, சகோதரி. வீடு மாறுவதற்கு வெறும் 'மூவ்' போதும். லயத்தைக் காலி செய்தது 'மூவ் அவுட்', தாமான் வீட்டில் குடியேறியது 'மூவ் இன்'. 'மூவ் ஆன்' என்பது ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது. கூட்டத்தில் 'லெட்ஸ் மூவ் ஆன்' என்றால் இந்தப் பேச்சு போதும், அடுத்ததைப் பார்ப்போம் என்று அர்த்தம், வேலையை விட்டுப் போனவரையும் 'ஹி ஹேஸ் மூவ்ட் ஆன்' என்பார்கள்.

என் அம்மா பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தால், மரத்தில் சீவிய கோட்டில் காய்ந்திருக்கும் பாலை உரித்து, கத்தியை ஒரே இழுப்பாக இழுத்து, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார், பால் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரம் ஏது? அதுதான் மூவ் ஆன். ஆனால் வெயில் ஏறியதும் வாளியோடு அதே மரத்துக்குத்தான் திரும்பி வருவார். மறந்துவிடுவது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் இல்லவே இல்லை.

துக்கத்திலிருந்து தேறி வருவதற்கு 'கெட் ஓவர்' என்று இன்னொன்று உண்டு. ஆனால் 'கெட் ஓவர் இட்' என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால் சுருக்கென்று தைக்கும். 'மூவ் ஆன்' கூட நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்ளும்போது நன்றாக இருக்கிறது, மனம் ஆறாத இன்னொருவரிடம் சொன்னால், உங்கள் பேச்சு போதும் என்று வாயை அடைப்பதுபோல் ஆகிவிடும். உங்கள் மகள் அப்படி நினைத்துச் சொல்லியிருக்க மாட்டாள். 'கடந்து போங்கள்' என்று இப்போது பலரும் எழுதுகிறார்கள், எனக்கு அது ஒட்டவில்லை. "நடந்தது நடந்துபோச்சு, ஆகவேண்டியதைப் பார்ப்போம் பாட்டி" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும், அதற்கு முன்னால் கோயில் கதையை ஒருமுறை முழுசாகக் கேட்கட்டும்.

அப்புறம், ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு எழுதப்போகிற பிள்ளை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: விட்டு வருவதைச் சொல்ல 'மூவ் ஆன் ஃப்ரம்', அடுத்துப் போவதைச் சொல்ல 'மூவ் ஆன் டு'. 'மூவ் ஆன் தி பாஸ்ட்' என்று நடுவில் 'ஃப்ரம்' இல்லாமல் எழுதினால் தப்பு.